தண்ணீர் மணி

இந்த வருடத்தில் மூன்றாவது நீர்க்கடுப்பு. பள்ளிக்கூடத்தில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். காலையில் பஸ் ஏறுமுன் ஒரு காபி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நின்ற மேனிக்கு ஒரு செம்பு. நடுவில் ஒன்றுமில்லை. குடித்தால் போகவேண்டும், போனால் மூன்றாம் வகுப்பை யார் பார்ப்பது? பதினாறு வருஷ சர்வீஸில் தாகம் எடுப்பதே நின்றுபோயிருக்கிறது.

*

மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றை 1895-இல் அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. வழக்கமாக ஜூன் முதல் தேதி திறப்பார்கள். தள்ளிப்போனால் கம்பத்து டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. வயலுக்கு ஒருநாள் தண்ணீர் தப்பினால் கேட்க இத்தனை பேர். என் வாய்க்காலை அடைத்தது நான்தான். நான் மட்டும்தானா என்பது வேறு விஷயம்.

*

2025 ஜூன் கடைசியில் 'வாட்டர் பெல்' வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க 11, 1, 3 மணிக்கு மணி அடிக்கவேண்டும். கேரளத்தில் 2019-லேயே தொடங்கியது. நமக்குத் தண்ணீரும் குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து, மணியும் அந்தப் பக்கமிருந்து!

மணி அடித்ததும் பிள்ளைகள் அண்ணாந்து குடிக்கிறார்கள். தொண்டைகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பது அழகு. சிந்தாதே, மூடியைத் திருகு, அவன் பாட்டிலை எடுக்காதே என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. என் பாட்டில் மேசையில் நிறைந்தே இருக்கிறது.

*

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஓர் அம்மா வந்திருந்தார். ஏலக்காய்த் தோட்டத்து வேலை. விடியுமுன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிவிடுவார். காலைச் சாப்பாடு பள்ளியிலேயே போடுவதால் பிள்ளைக்கு ஆக்கி வைக்கிற வேலை மட்டும் குறைந்திருக்கிறது. பேச்சு எப்படியோ என் மாத்திரைகளில் வந்து நின்றது.

"நாங்க மட்டும் என்ன டீச்சர்? ஒதுங்க எடம் பாத்துக்கிட்டுத்தான் வாயில தண்ணி வைப்போம். சாரல் விழுந்துட்டா அட்டை வேற."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் சிரிப்பு உறுத்தியது.

உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு காணொளி வருகிறது. கண்ணை மூடச் சொல்கிறார்கள், மூச்சை எண்ணச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஒதுங்க இடம் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

*

ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு நானும் குடித்தேன். பாதி பாட்டில். முன்பெஞ்சுக்காரி என்னையே வேடிக்கை பார்த்தாள்.

பன்னிரண்டுக்குள் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டு, கழிப்பறைச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்பு வாசலில் நின்றேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அஞ்சு நிமிஷம் என் பிள்ளைகளப் பாத்துக்கிறீங்களா டீச்சர்?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"சீக்கிரம் வாங்க டீச்சர். அடுத்தது நான்."