நனைந்த தானியமும் நனைந்த வண்டியும்





சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்குகையில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் நம் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். "ஹஜ்ரத், 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு வண்டி இருக்கை மட்டத்துக்கு முழுகிவிட்டது. வெள்ளத்துக்கென்று இன்ஷூரன்ஸில் தனியே பணம் கட்டியிருக்கவில்லை. கைக்காசைப் போட்டுப் பட்டறையில் சுத்தம் செய்தேன். அன்றிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது விற்கப் போகிறேன். வாங்க வருபவர் கேளாவிட்டால், நானாக வாய்திறந்து சொல்ல வேண்டுமா?" என்றார்.

கேட்டாரே, அதற்காகவே அவரைப் பாராட்டினோம். அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற இடங்களிலும் முழுகிய வண்டிகளெல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து மெருகேற்றிய பின் சந்தைக்கு வந்தவையும் உண்டு. அவற்றில் எத்தனைக்கு வரலாறு சொல்லப்பட்டிருக்கும்?

மதீனாவின் கடைவீதியில் நடந்த சம்பவம் நாம் யாவரும் அறிந்ததே. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கைவிட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியை விசாரித்தபோது, மழையில் நனைந்ததென்றார். நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மழை பெய்ததற்காக அம்மனிதர் கண்டிக்கப்படவில்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாதென்றும் தடுக்கப்படவில்லை. உலர்ந்ததை மேலே பரப்பி ஈரத்தை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. வெள்ளம் நம் சகோதரரின் குற்றமன்று. அந்த நஷ்டத்துக்கு அவர் அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்க்கலாம். ஆனால் வண்டியின் மேற்பூச்சு உலர்ந்த தானியமாகிவிடக் கூடாது.

"அடியில் என்ன ஈரம் இருக்கிறது? எல்லாம் காய்ந்துவிட்டதே" என்று அவர் வாதாடினார். நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை விசாரித்தோம். சேற்றுத் தண்ணீர் மின்கம்பிகளின் இணைப்புகளுக்குள் புகுந்தால், களிம்பு பிடித்து வேலையைக் காட்டுவதற்கு மாதங்கள் பிடிக்கும் என்றார். ஏர் பேக்கை இயக்கும் பெட்டி பல வண்டிகளில் முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. அது கெட்டிருந்தால், மோதும் நாளில் பை விரியாமலே போகலாம். வாங்குபவர் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு பெருநாளைக்கு ஊர் போகிறவர். தானிய வியாபாரி மறைத்ததால் போவது காசு. இங்கே உயிரே போகலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு வரலாற்றை எடுத்துரைக்கிறார்கள். திண்ணைத் தோழர்களில் ஒருவரான வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் நின்றிருந்த இடத்தில் ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா கவனியாதிருந்துவிட்டு, வாங்கியவர் ஓட்டிச் சென்ற பின் அவர் பின்னாலேயே ஓடினார்கள். இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கு வாங்கினீரா என்று விசாரித்தார்கள். சவாரிக்கே என்றார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஒரு துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்தார். என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று வாஸிலாவிடம் முறையிட்டார். வாஸிலா விற்றவருமல்லர், தரகருமல்லர். அருகில் நின்றவருக்கே அவ்வளவு கடமையென்றால், கமிஷன் வாங்கும் நம் தரகர்களுக்கு எவ்வளவு?

வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே அய்பு, அதாவது குற்றம், என்பது ஃபிக்ஹு கிதாபுகளின் அளவுகோல். ஆகவே நம் சகோதரரிடம் ஒன்றே கேட்டோம்: "வெள்ளத்தில் முழுகியது தெரிந்தால் அதே விலைக்கு வாங்குவார்களா?" அவர் பேசவில்லை. நாமும் மேற்கொண்டு பேசவில்லை.

மீட்டரைப் பின்னோக்கித் திருப்புகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டிக்கு மீட்டர்தான் தராசு. அளவையில் குறைப்போரைக் குறித்தே குர்ஆன் ஷரீபின் 83-வது அத்தியாயம் தொடங்குகிறது.

"உள்ளது உள்ளபடி, பிறகு எந்தக் குற்றத்துக்கும் நான் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே என்பார்கள். ஹனஃபீ மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபியீ மத்ஹபின் பலமான சொல்லின்படி, பிராணிகளில் விற்பவரே அறியாத உள்குற்றத்துக்கு மட்டுமே அது செல்லும், வண்டிக்குச் செல்லாது. தெரிந்ததை மறைப்பதற்கு இரண்டு மத்ஹபிலும் இடமில்லை.

வாங்குகிறவரும் கண்ணை மூடிக்கொண்டு போகலாகாது. பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அதன் அடிப்பகுதியில் தங்கியிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் திருகாணிகளில் துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். அத்தர்க்கடை போல வண்டி மணத்தால், எதை மறைக்க அந்த மணம் என்று யோசியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர் பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் யாரோ அதன் கண்ணைக் கட்டியிருக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டச் சொல்லுங்கள். விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல் உங்கள் ஆளை அழைத்துச் செல்லுங்கள். பெயர் மாற்றத்துக்காக நடக்கும் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். களிம்பு பிடிக்கும் கம்பியை அது கண்டுபிடிக்கும் என்பதற்கில்லை. வாங்கிய பின் குற்றம் தெரிந்தால், ஷாஃபியீ மத்ஹபில் தாமதமின்றித் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் மூன்று மாதம் ஓட்டிவிட்டு வந்து சண்டையிடுவது எந்த மத்ஹபிலும் அழகில்லை. இல்லாத குற்றத்தைச் சொல்லி விலையை அடிப்பதும் பொய்யே.

நிற்க. நாம் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நின்ற மற்றொரு சகோதரரின் முகம் வாடிவிட்டது. தம் முழுகிய வண்டியை அவர் 2022-லேயே சொல்லாமல் விற்றுவிட்டாராம்.

அவருக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் துணிக்கடையை நினைவூட்டினோம். குற்றமுள்ள துணியைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றே தெரியவில்லை. இமாமவர்கள் அந்தக் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். "அப்படியானால் நானும் தர்மம் செய்துவிடட்டுமா?" என்றார் சகோதரர்.

பெயர் மாற்றக் கடுதாசியில் வாங்கியவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவே, முதலில் அவரிடம் போங்கள் என்றோம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, விலை வித்தியாசத்தைக் கொடுப்பதா என்பது அவர் விருப்பம். இன்னும் அந்த வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறாரோ என்னவோ. அஸர் தொழுகைக்கு நேரமிருந்தது. சகோதரர் கடுதாசியைத் தேட வீட்டுக்குப் புறப்பட்டார்.