உண்டு, உறங்கி, உலவிய மாணவர்

உண்பது, உறங்குவது, உடன்பயில்வோருடன் பழகுவது ஆகிய அன்றாடச் செயல்கள் மெய்ஞ்ஞானத் தேடலுக்குத் தடையா, அல்லது அத்தேடல் நிகழும் களமே அவைதாமா என்னும் வினா, காடேகித் தனித்திருந்த துறவியைவிட, பெருங்கூட்டமாக வாழ்ந்து கற்ற நாளந்தா என்னும் பௌத்த மகாவிகாரையின் மாணவத் துறவிக்கே கூர்மையாக எழுந்திருக்க வேண்டும். ஏனெனில், இல்லறத்தைத் துறந்து வந்தவருக்கும் அங்கே பாடவேளையும் பந்தியும் அறைத்தோழரும் காத்திருந்தனர்.

ஏழாம் நூற்றாண்டில் அங்குத் தங்கிப் பயின்ற சீனத் துறவியரான யுவான் சுவாங், இத்சிங் ஆகியோர் வழிக் கிடைக்கும் செய்திகள் அவ்வாழ்வின் ஒழுங்கைக் காட்டுகின்றன. காலையில் மணி ஒலித்ததும் துறவியர் குளங்களுக்கு நீராடச் சென்றனர். அடியில் நுண்துளையுள்ள செப்புக் கிண்ணம் நீரில் மிதந்து, நிறைந்து, மூழ்கும் கால அளவைக் கொண்டு பொழுதைக் கணக்கிடும் நீர்க்கடிகை முரசொலியோடு நேரத்தை அறிவித்தது. நண்பகல் கடந்தபின் உண்ணலாகாது என்பது விநயத்தின், அதாவது துறவியர் ஒழுக்க நெறியின், விதியாதலால், அக்கடிகை சோற்றுக்கும் எல்லை வகுத்தது. நாள்தோறும் ஏறத்தாழ நூறு இடங்களில் விரிவுரைகள் நிகழ்ந்தன என யுவான் சுவாங்கின் வரலாறு கூறுகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓரிடத்தில் கூடுவது அரிதாகையால், மாலை வழிபாட்டின்போது ஓதுவிக்கும் துறவி ஒருவர் மண்டபம் மண்டபமாகச் சென்றார் என்னும் இத்சிங்கின் குறிப்பு, வழிபாடும்கூட வளாகத்தின் நெரிசலுக்கு இணங்க வேண்டியிருந்ததைப் புலப்படுத்துகிறது.

அன்றாடச் செயல்கள் தேடலுக்குத் தடையா, களமா என்னும் வினாவுக்கு நாளந்தா தந்த மிகச் சிறந்த விடை, மரபு சோம்பேறியாகச் சித்திரிக்கும் மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாந்திதேவர் உண்பது, உறங்குவது, உலவி வருவது ஆகிய மூன்றன்றி வேறெதுவும் செய்யாதவர் என்று கருதிய உடன்துறவியர், அவரை நாணவைக்கும் நோக்குடன் சபையில் ஓதப் பணித்ததாகவும், அவர் அங்கே தம் ‘போதிசர்யாவதார’த்தை ஓதியதாகவும் திபெத்திய மரபுக்கதை கூறும். கதையின் முடிவில் அவர் வானேறி மறைவது பக்தர்களுக்குரியது. தத்துவத்துக்குரியது, அவர் ஓதியதாகச் சொல்லப்படும் நூலின் பொருள்.

அந்நூலின் ஐந்தாம் இயல் ‘சம்பிரஜன்யம்’ பற்றியது. உடலும் மனமும் அந்தந்தக் கணத்தில் எந்நிலையில் உள்ளன என்பதை மீண்டும் மீண்டும் நோக்கும் விழிப்பே சம்பிரஜன்யம் எனப்படும். போதிசத்துவர், அதாவது எல்லா உயிர்களின் விடுதலைக்காகவும் புத்தநிலையை நாடுபவர், இருக்கையை ஓசைபட இழுக்கலாகாது, கதவை அறையலாகாது, வாய்நிறையத் திணித்தும் வாயைத் திறந்துகொண்டும் உண்ணலாகாது என அவ்வியல் விதிக்கிறது. இவை விடுதிக் காப்பாளரின் அறிவிப்புப் பலகைக்குரியனவாகத் தோன்றலாம்; ஆனால், பிறர்துன்பம் தன்துன்பத்தின் வேறன்று என்று எட்டாம் இயலில் நிறுவ முற்படும் நூலுக்கு, அடுத்த அறையில் உறங்குபவரின் உறக்கமும் தத்துவப் பொருளே ஆகும். உண்பதையும் உறங்குவதையும் நிறுத்த வேண்டியதில்லை, அவற்றின்போது மனம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி என்னும் இக்கருத்து, ஏளனம் செய்தவர்கள் அவரிடம் கண்ட மூன்று செயல்களையுமே சாதனையின் பொருளாக்கிவிடுகிறது.

நட்பைப் பொறுத்தவரை நூல் அத்துணைத் தெளிவாக இல்லை. நல்வழி காட்டும் துணையாகிய கல்யாணமித்திரரை உயிர்போயினும் விடலாகாது என்று ஐந்தாம் இயல் கூற, பேதையர் கூட்டுறவை விட்டுக் காட்டின் தனிமையை நாடுமாறு எட்டாம் இயல் தூண்டுகிறது. நல்லோர் நட்பு துறவு வாழ்வின் பாதி என்ற தம் சீடர் ஆனந்தரைத் திருத்தி, அது முழுமையுமே என்று புத்தர் சொன்னதாகப் பாலி மரபு பேணும் செய்தியோடு எட்டாம் இயலின் இத்தூண்டுதலை ஒப்பிட்டால், நெருக்கமான விடுதி வாழ்வில் சலித்த ஒருவரின் குரல் அதில் கேட்பதாகக் கொள்ள இடமுண்டு.

உணவு பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. இடருற்றோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் நோன்பியர்க்கும் பகிர்ந்தபின் அளவோடு உண்ணுக என்னும் சாந்திதேவர், உடலைக் கூலியாளாகக் கருதி, அதற்குரிய கூலியைக் கொடுத்து வேலை வாங்குமாறும் அறிவுறுத்துகிறார். நாளந்தாவின் பந்திக்கு நெல்லும் பாலும் வெண்ணெயும் தந்தவை அரசர்கள் அளித்த கிராமங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் நிலம் அதற்கு உரியதாயிருந்தது என்கிறார் இத்சிங். கூலி என்னும் உவமையை அவ்வளவு இயல்பாகக் கையாண்ட நூல், உண்மையில் உழுது அறுத்தவரின் நாளைப் பற்றிப் பேசவில்லை. துன்பத்துக்கு உரிமையாளர் எவருமில்லை, துன்பம் என்பதனாலேயே அது நீக்கத்தக்கது என்னும் அதன் வாதமோ விகாரையின் மதிலோடு நிற்கக்கூடியதன்று.