உனக்கு இது வேண்டாம்மா

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், கடைசியில் மாவட்ட மைய நூலகம் என்று இடங்கள் மாறின. பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. “எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும்னு மேடத்துக்குத் தெரியும்” என்பார்கள். அந்தப் பெயரை என்னால் முழுமனதோடு ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. அதற்கு ஒரு சிறுமி காரணம். அவளுக்கு நான் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தேன். நல்ல புத்தகம்தான். அப்படிப் பரிந்துரைத்தது சரிதானா என்ற கேள்விதான் இத்தனை ஆண்டுகளாக என்னிடம் தங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. காவிரிப் படுகையில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகம். வாடகைக் கட்டடம். முன்னறையில் நீள மேசை, இருபுறமும் பெஞ்சு. காலையிலிருந்து ஆண்கள் அங்கே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தாளாகப் பத்திரிகையைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். புத்தக அலமாரிகள் உள்ளறையில். அங்கே போக வேண்டுமென்றால் அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு பெண்பிள்ளை கடந்து போகும்போது நாலைந்து தலைகளாவது நிமிரும். நூலகத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று கூட்டங்களில் கவலைப்படுகிறவர்கள் இந்த மேசையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மேசையைக் கடந்து சனிக்கிழமைதோறும் வருவாள் அந்தச் சிறுமி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். சிறுவர் அலமாரியை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை பெரியவர்கள் பகுதியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மருத்துவர் ஒருவர் பெண்ணின் உடலைப் பற்றி எழுதிய புத்தகம். மாதவிடாய், கருத்தரிப்பு, பேறுகாலம் எல்லாம் படங்களோடு இருக்கும். அட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தாள்.

முன்னறையில் ஆட்கள். நான் அந்தப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேசைக்குக் கீழே வைத்தேன். “உனக்கு இது வேண்டாம்மா. இதெல்லாம் அப்புறம் படிக்கலாம்” என்றேன். எழுந்து போய் மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் அவள் வரவில்லை. பிறகு ஒருநாள் அவளுடைய அம்மா வந்தார். மேரி கியூரியைத் திருப்பிக் கொடுத்தார். உறுப்பினர் அட்டையையும் நீட்டி, கட்டிய முன்பணத்தைக் கேட்டார். “பெரிய பொண்ணாயிட்டா மேடம். இனிமே தனியா அனுப்ப மாட்டோம்.”

பணத்தைக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

‘அப்புறம் படிக்கலாம்’ என்று நான் சொன்ன அந்த அப்புறம் வரவேயில்லை. அந்தப் புத்தகம் அவளுக்கு வயதுக்கு மீறியது என்று நினைத்தேன். அது அவள் வயதுக்கான புத்தகம். அந்த வாரத்துக்கான புத்தகம். அவளுடைய உடலில் ஏதோ தொடங்கியிருந்ததா, வகுப்பில் யாருக்கோ நடந்ததைப் பார்த்துப் பயந்திருந்தாளா, எனக்குத் தெரியாது. ஏன் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவள் ஒரு கேள்வியோடு வந்தாள். நான் வேறொரு கேள்விக்கான விடையைக் கொடுத்து அனுப்பினேன்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நான் கொடுத்த புத்தகம்தான். ‘கற்புக்கரசிகள்’ கதையையோ கோலப் புத்தகத்தையோ கொடுத்திருந்தால், பழைய புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டு ஒதுங்கியிருப்பேன். நான் கொடுத்தது இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற பெண்ணின் கதை. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த வார்சாவில், அதிகாரிகளுக்குத் தெரியாமல் இடம் மாற்றி மாற்றி நடந்த ரகசிய வகுப்புகளில் படித்தவர் அவர். பெண்பிள்ளைகள் அறிவியல் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அதை எடுத்தேன். கூடவே, தன் உடலைப் பற்றிய அறிவியலை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். முற்போக்கான புத்தகத்தை வைத்தும் ஒரு பெண்ணின் வாயை அடைக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பரிந்துரை என்ற சொல்லைப் பற்றி அதன் பிறகு நிறைய யோசித்தேன். பரிந்து உரைப்பது. பரிவோடு சொல்வது என்றும் கொள்ளலாம். ஒருவர் பக்கம் நின்று பேசுவது என்றும் கொள்ளலாம். ‘எனக்காகப் பரிந்து பேசினாள்’ என்கிறோமே, அந்தப் பொருளில். அப்படியானால் ஒரு நூலகர் பிள்ளைக்குப் புத்தகம் சொல்லும்போது யாருக்காகப் பரிந்து பேசுகிறார்? பிள்ளைக்காகவா, பிள்ளையின் வீட்டுக்காகவா, ஊருக்காகவா? அன்று முன்னறையில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்காகத்தான் நான் பேசினேன். அவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே செய்து கொடுத்தேன்.

அப்படியானால் பரிந்துரைக்கவே வேண்டாம், அலமாரியைத் திறந்து விட்டுவிடலாம், வேண்டியதை அவர்களே எடுக்கட்டும் என்று கொஞ்ச காலம் இருந்து பார்த்தேன். அதுவும் நியாயமாக இல்லை. வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளைக்கு அப்பா சொல்வார், அத்தை சொல்வார், ஆசிரியர் சொல்வார். எங்கள் நூலகத்துக்கு வந்தவர்களில் பலருடைய வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு அச்சுத்தாள் இல்லை. அவர்களிடம் ‘நீயே தேர்ந்தெடு’ என்பது சமையலறையே பார்த்திராதவரிடம் ‘பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடு’ என்பது போலத்தான். மேலும், நான் வாய் திறக்காவிட்டாலும் அலமாரி பேசுகிறது. எந்தப் புத்தகம் குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது, எது மேல்தட்டில் தூசியோடு இருக்கிறது, எதன் அட்டை வெளியே தெரிகிறது, எது பட்டியலிலேயே இல்லை என்பதெல்லாம் யாரோ எடுத்த முடிவுகள். வீரதீரக் கதைகள் ஆண்பிள்ளைகளுக்கு, சமையலும் கைவேலையும் பெண்பிள்ளைகளுக்கு என்று நாங்கள் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கேட்டு வரும் பிள்ளையின் உடையைப் பார்த்துத்தான் எங்கள் கை நீண்டது. நடன உடை அணிந்த பெண்ணின் படம் போட்ட புத்தகத்தை எடுத்த ஒரு பையனிடம், “இது பொம்பளப் பிள்ளைங்க புக்குடா” என்று என் சக ஊழியர் சிரித்தார். பையன் வைத்துவிட்டான். அவரும் பரிந்துரைக்கத்தான் செய்தார்.

எங்கள் துறையில் எல்லோரும் படித்துத் தேர்வு எழுதும் ஐந்து விதிகளை 1931-ல் நூலாக எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. பெண்களுக்குப் புத்தகத்தை மறுத்த வழக்கத்தைப் பற்றியும் அந்த நூலில் அவர் பேசுகிறார். அவர் முன்னின்று உழைத்ததன் பலனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. இன்றும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். அந்தச் சிறுமி எடுத்து வந்தது ஊர் கட்டிய வரியில் வாங்கிய புத்தகம். அதை அவளுக்குக் கொடுக்க நான் பெருந்தன்மை காட்ட வேண்டியதில்லை. வேலையைச் செய்தால் போதும்.

நல்ல ரசனையும் நல்ல நோக்கமும் இருந்தால் தவறு நேராது என்று சொல்ல முடியவில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் 1906 முதல் 1941 வரை சிறுவர் பிரிவை நடத்தியவர் ஆன் கரோல் மூர். குழந்தைகளை நூலகத்துக்குள் விடவே தயங்கிய காலத்தில் அவர்களுக்கென்று தனி அறை, அவர்கள் உயரத்துக்கு நாற்காலி மேசை, கதை சொல்லும் நேரம் என்று ஏற்படுத்த உழைத்த முன்னோடி. உலகத்தில் எங்கே சிறுவர் நூலகம் இருந்தாலும் அவருடைய உழைப்பின் சாயல் அதில் உண்டு. அதே பெண்மணிக்குப் பிடிக்காத புத்தகம் அந்த நூலகத்துக்குள் நுழைவது கடினம். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதிய ‘குட்நைட் மூன்’ 1947-ல் வந்தது. மூர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. 1972 வரை அந்தப் புத்தகத்தை அந்த நூலகம் வாங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டவரே வாசலில் காவலுக்கும் நின்றார். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் அந்தச் சிறுமிக்குப் பிறகும் நான் முழுதாகத் திருந்திவிடவில்லை. பெண்ணிய நூல்களைப் படிக்கத் தொடங்கிய காலத்தில், பதினோராம் வகுப்புப் பெண்கள் கேட்டு வரும் குடும்ப நாவல்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பணக்கார நாயகன், முதலில் வெறுப்பு, பிறகு காதல், கடைசியில் கல்யாணம். “அத விட இது நல்லாருக்கும்” என்று வேறொன்றை நீட்டுவேன். ஒருத்தி பட்டென்று சொன்னாள்: “மேடம், வீட்டுக்குப் போனா வேலை, ஸ்கூலுக்கு வந்தா பாடம். இதையாவது எனக்குப் பிடிச்ச மாதிரி படிச்சுக்கிறேனே.” அவள் கேட்ட நாவலைக் கொடுத்தேன். அந்தக் கதைகள் பெண்களுக்கு நல்லது செய்கின்றன என்று இன்றும் நான் நம்பவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் ஓய்வு நேரத்தை அவளைக் கேட்காமல் திருத்தும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

பரிந்துரைக்கும் கட்டளைக்கும் உள்ள வித்தியாசத்தை அவள்தான் எனக்குக் காட்டினாள். ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தால், சொன்ன பிறகும் கேட்ட புத்தகம் கிடைத்தால், அது பரிந்துரை. முடியாவிட்டால் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கட்டளைதான். பெண்பிள்ளைகளிடம் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். மறுக்காமல் வாங்கிக்கொள்வதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று வீட்டில் பழக்கி அனுப்பியிருப்பார்கள். முதலாமவள் மேரி கியூரியை வாங்கிக்கொண்டு போனது அவளுக்குப் பிடித்ததால் அல்ல. நான் கொடுத்ததால்.

பிறகு என் வழக்கம் மெல்ல மாறியது. முதலில் கேட்பேன்: “கடைசியா எந்தப் புத்தகம் பிடிச்சுது?” பிடிக்காததையும் கேட்பேன், பிள்ளைகள் அதைத்தான் உற்சாகமாகச் சொல்வார்கள். மூன்று புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ‘டோட்டோ சானை’ப் பையன்களுக்கும் கொடுப்பேன். ‘ஆயிஷா’வைக் கொடுக்கும்போது, “இதுல ஒரு பொண்ணு செத்துப்போவா. படிக்க முடியலேன்னா மூடி வச்சிடு, தப்பில்லை” என்பேன். வயது என்ற ஒன்றே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏழு வயதுக் குழந்தையைப் பயமுறுத்தும் புத்தகம் உண்டு. ஆனால் குழந்தையைக் காப்பதற்கு, புத்தகத்தை ஒளிப்பதைவிட, பாதியில் மூடிவைக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். அந்த மருத்துவரின் புத்தகத்தையும் அதுபோன்ற இன்னும் சிலவற்றையும் உள்ளறையில், முன்னறைக் கண்கள் எட்டாத மூலையில், கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன். அவை அடிக்கடி இடம் மாறியிருக்கும். யாரும் பதிவேட்டில் எழுதி எடுத்துப் போனதில்லை. அங்கேயே நின்று படித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. ஒருநாள் ஒரு அப்பா வந்து கேட்டார்: “எம் பொண்ணு இங்க என்னதான் படிக்கிறா?” அவள் அப்போது அந்த மூலையில்தான் நிற்பாள். “கதைப் புத்தகம்தான் சார்” என்றேன். பொய். உண்மையைச் சொல்லி அவரிடம் வாதாடியிருக்கலாம். பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதென்றால் அதுவும்தானே? ஆனால் தோற்றால் இழப்பு எனக்கில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு அம்மா வருவார். பெற்றவருக்குக் கேட்க உரிமையில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, மகளிடம் கேட்கலாம். மகள் சொல்லத் தயங்கும் வீடாக இருந்தால், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதால் அந்த வீடு மாறிவிடாது. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பொய் பொய்தான் என்பதும் தெரிகிறது.

நூலகத்தில் வேலைக்குச் சேரப்போகும் மாணவிகள் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நல்ல ரசனை இருக்கும்; என்னைவிட நிறையப் படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளை அட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தால், அதை அப்படியே வாங்கி, அப்படியே முத்திரை போட்டு, அப்படியே திருப்பிக் கொடுங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குப் பிறகு சொல்லுங்கள்.