தலைவிதியும் இலாகா விதியும்

வெள்ளம் வந்தது, விதி! புயல் அடித்தது, விதி! கடல் பொங்கிக் குப்பத்தை வாரிக்கொண்டு போயிற்று, அதுவும் விதி! இப்படித்தான் பன்னெடுங்காலமாக ஏழை எளியவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மாண்டவனுக்குத் தலையெழுத்து, மீண்டவனுக்கு முன்வினைப் பயன் என்று கூறிவிட்டால், ஏன் நேர்ந்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள். எவரால் நேர்ந்தது என்று கேட்பதற்கு இடமே இராது. அறிவு வளர வளர அந்த விதி ஆட்டங்கண்டது. கடலடி நிலம் அதிர்ந்தால் கடல் பொங்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறிந்துகொண்டான்.

ஆனால், அந்த விதி எழுந்துபோன நாற்காலியில் மற்றொரு விதி வந்து அமர்ந்துகொண்டது! "எங்கள் இலாகா விதிப்படி அது எங்கள் வேலை அல்ல" என்கிற விதி. முன்னது தலையில் எழுதப்பட்டது என்றார்கள். பின்னது தாளில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாலும் விளைகிற பயன் ஒன்றுதான்: கேட்பவனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

வேலையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். பொறுப்பையும் அப்படிப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா? பத்துப் பேர் கூடிச் செய்த காரியம் கெட்டால், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு பழி என்று அறம் கணக்குப் போடுமா? ஏட்டைப் புரட்டி இதற்கு விடை தேடுவதைவிட, எண்ணூர்க் கரைக்குச் சென்று பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28. பொழுது புலருமுன், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, துறைமுகத்தைவிட்டு வெளியேறிய எரிவாயுக் கப்பல் 'பி.டபிள்யூ. மேப்பிள்', மற்றொன்று, எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்'. உயிர்ச்சேதம் இல்லை, எண்ணெயால் கடலுக்குக் கேடும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. அறிக்கை அப்படிக் கூறிற்று. அலை வேறு கூறிற்று! எர்ணாவூர்க் கரையில், பாறை இடுக்குகளில், கன்னங்கரேலென்று குழம்பு வந்து திரண்டது. பிறகு, சிறிதளவுதான் என்றார்கள். நாள் ஏற ஏற அந்தச் சிறிதளவும் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 200 டன் என்ற மதிப்பீட்டில் வந்து நின்றது. திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் ஆகிய மூன்று மாவட்டக் கரைகளிலும் கறை படிந்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் மீனவர் திகைத்து நின்றனர்.

கழிவுநீர் உறிஞ்சும் பெரிய லாரிகள் வந்தன. குழம்பின் கெட்டிக்கு முன்னால் அவை திணறின. கடைசியில் கைகொடுத்தது எது? வாளி! செவ்வாய்க் கோளுக்குக் கலம் அனுப்பிய நாட்டில், மீனவரும் மாணவரும் கூலியாட்களும் கடலோரக் காவல் படையினருமாகச் சேர்ந்து, வாளி வாளியாக எண்ணெயை மொண்டு ஊற்றினார்கள். உழைத்த கைகளை வாழ்த்துகிறோம். அந்தக் கைகளுக்கு வாளியைத் தவிர வேறொன்றும் கொடுக்க இயலாத ஏற்பாட்டைப்பற்றித்தான் நமக்குக் கேள்வி.

ஏற்பாடே இல்லை என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு 1996லிருந்து டில்லியில் ஒரு தேசியத் திட்டம் உண்டு. அதன்படி, நடுக்கடலில் கொட்டினால் கடலோரக் காவல் படை பார்க்கவேண்டும்; அது பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. துறைமுக எல்லைக்குள் கொட்டினால் துறைமுகம் பார்க்கவேண்டும். அது கப்பல் துறையின்கீழ் இருக்கிறது. கரையில் ஒதுங்கினால் மாநிலத் துரைத்தனம் பார்க்கவேண்டும். அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரைச் சோதிக்கும்; மீன்வள இலாகா வலையையும் படகையும் கணக்கெடுக்கும்; மாவட்ட ஆட்சியர் நிவாரணம் வழங்குவார். தாளில் பார்த்தால் தங்கமான திட்டம்! ஆனால், எண்ணெய்க்குப் படிக்கத் தெரியாதே! துறைமுக எல்லை இதோடு முடிந்தது, இனி மாநில எல்லை என்று அது நின்று விசாரித்துவிட்டா நகர்கிறது? காற்று தள்ளிய பக்கம் போகிறது. கோப்பு மட்டும் ஒவ்வோர் எல்லையிலும் நிற்கிறது.

கரையிலும் எல்லைக் கூத்து இருந்தது. எர்ணாவூரும் எண்ணூரும் 2011லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்டன. வருவாய் நிர்வாகத்திலோ, 2018 ஜனவரி வரையில் அவை திருவள்ளூர் மாவட்டம். ஆக, எண்ணெய் ஒதுங்கிய நாளில், அந்தக் குப்பத்து மீனவனுக்குக் குப்பை அள்ளச் சென்னை, நிவாரணம் கேட்கத் திருவள்ளூர், கப்பலைப்பற்றிக் கேட்க டில்லி! நிற்பது ஒரே மணலில். முறையிடவேண்டியதோ மூன்று திசையில்.

"பல இலாகாக்கள் இல்லாமல் ஆட்சி நடக்குமா? எல்லாவற்றையும் ஒருவன் கையில் ஒப்படைத்தால் அது கொடுங்கோன்மைக்கு அல்லவா வழிவகுக்கும்?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கமாட்டோம். கப்பலை ஆராயத் தெரிந்தவனுக்கு மீனின் நோய் தெரியாது. நீரைச் சோதிப்பவனுக்கு நிவாரணம் பங்கிடத் தெரியாது. வேலையைப் பிரிப்பது அறிவுடைமை. அதிகாரத்தைப் பிரிப்பது மக்களுக்குக் காப்பு. அதை மறுக்கவில்லை. வள்ளுவரும் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தக்கவனைத் தேர்ந்து அவன் பொறுப்பில் வினையை விடுவது அரசின் கடமை என்பது அதன் கருத்து. நாம் கேட்பதும் அதுவேதான். இந்த வினை எவர் பொறுப்பில் விடப்பட்டது? கை பல இருக்கட்டும்; கேட்டால் திரும்பிப் பார்க்கும் முகம் ஒன்று இருக்கவேண்டாமா?

நோயின் மூலம் இலாகாக்களின் எண்ணிக்கையில் இல்லை. சேர்ந்திருக்க வேண்டியது பிரிந்து கிடக்கிறது; பிரிந்திருக்க வேண்டியது சேர்ந்து கிடக்கிறது! பதில் சொல்லும் கடமை ஓரிடத்தில் சேர்ந்திருக்கவேண்டும். அது பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. வருவாய் பெறுவதும் கேட்டை அளந்து ஊருக்குச் சொல்வதும் இருவேறு கையில் பிரிந்திருக்கவேண்டும். அவை ஒரே கையில் கூடிக் கிடக்கின்றன. கப்பல் வந்தால் வருவாய் பெறும் துறைமுகமே, கப்பலால் கேடு உண்டா இல்லையா என்று முதல் அறிக்கை விடுகிறது. எவரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நாம் பழி சுமத்தவில்லை. பொய்யன் ஒருவன்கூட இல்லாமலே உண்மை தாமதமாகிற வகையில் அமைப்பு இருக்கிறது என்கிறோம். தனி மனிதனின் பொய்யைக் கண்டிப்பது எளிது. அமைப்பின் மௌனத்தைக் கண்டிக்க, அமைப்பையே அல்லவா கலைத்து அடுக்கவேண்டும்!

அப்படி அடுக்கமுடியுமா? முடிந்திருக்கிறது. 2010இல், அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர் மாண்டனர்; எண்ணெய் மாதக் கணக்கில் கடலில் கொட்டிற்று. ஆராய்ந்தபோது என்ன கண்டார்கள்? கடலடி நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, குத்தகைப் பணத்தை வசூலிப்பது, கிணறு பத்திரமாக இருக்கிறதா என்று சோதிப்பது, இம்மூன்றையும் ஒரே அலுவலகம் செய்துவந்தது! பணம் தருபவனிடம் கண்டிப்புக் காட்ட எந்தக் கைக்குத்தான் வலுவிருக்கும்? அந்த அலுவலகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சேரக்கூடாதது அங்கே பிரிந்தது.

சேரவேண்டியது சேர்ந்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மாநிலம் பேரிடருக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. கரையோரம் புயல் காப்பகங்கள் எழுந்தன. எந்த ஊரை எவர் அப்புறப்படுத்துவது என்பது முன்னரே முடிவாயிற்று. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். மாண்டோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. கடல் அதே கடல், காற்றும் கடுங்காற்று, ஏழை அதே ஏழை. மாறியது ஏற்பாடு.

நம் கரையும் ஒரு பாடம் கற்றது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்து, அலை சென்னையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் ஓடிவந்து சொல்ல, அந்த நேரம் தாராளம். சொல்வது எவர் வேலை என்றுதான் எந்தத் தாளிலும் இல்லை! மறு ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. இது உன் வேலை என்று ஒருவரைச் சுட்டிச் சொன்ன பிறகு, அந்த வேலை நடக்கிறது.

ஆனால், அதே எண்ணூருக்கு 2023 டிசம்பர் மறுபடியும் சோதனை வைத்தது. மிக்ஜாம் புயல் மழையில், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வழியே கடலுக்குப் போயிற்று. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எங்கும் படகிலும் வலையிலும் சுவரிலும் கறுப்பு. ஆலை டில்லியின் பொதுத்துறை நிறுவனம். கால்வாய் மாநிலத்தின் நீர்வள இலாகாவுடையது. கடல் காவல் படையினுடையது. மீண்டும் மீனவனே படகேறிக் கையால் எண்ணெய் அள்ளினான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, கெடு வைத்து விரட்டவேண்டியிருந்தது. அந்த மாதம் முடியுமுன், 26ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று அந்த வேளையில் அவர்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எவருடையது?

இடருக்குப் பிறகு வருவது மீட்சி. அங்கேதான் பங்கு பிரித்த பொறுப்பு இன்னும் மெல்லியதாகிவிடுகிறது. 2023இல் மாநிலத் துரைத்தனம் 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட ஊர்களின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. கொடுத்தது நன்று, குறைகூறமாட்டோம். பணம் ஒரு நாளில் கொடுக்கலாம். கழிமுகம் ஒரு நாளில் பிழைக்குமா? படகை எண்ண ஓர் இலாகா, சேற்றை அளக்க ஓர் இலாகா, நீரைச் சோதிக்க ஒரு வாரியம் இருக்கின்றன. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாளே, படகும் இல்லாத, வலையும் இல்லாத ஒரு பெண், அவள் கூடையில் பழைய அளவு இறால் திரும்ப விழுகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எவருடையது? அவள் கூடை நிறையும் நாள்தான் மீட்சி நாள். அதுவரை கோப்பை மூடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு எண்ணூர்க் கரை தரும் விடையைத் தயங்காமல் கூறுகிறோம். பங்கிட்டால் வேலை குறையும், பொறுப்பு குறையாது. பத்துப் பேர் காவல் காத்த வீட்டில் திருடு போனால், ஒவ்வொரு காவலனும் முழு வீட்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். தனித்தனியே அவர்கள் குற்றமற்றவர்களாக இருக்கலாம். பறிகொடுத்தவனுக்கு அதனால் பானை நிரம்பாது.

நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரைக்கு, கடலென்றும் கரையென்றும் கால்வாயென்றும் பிரிக்காமல், இடர் நேர்ந்த நாழிகையில் எல்லா இலாகாவுக்கும் ஆணையிடும் உரிமையும், பிறகு மக்கள் மன்றத்தில் நின்று பதில் சொல்லும் கடமையும் கொண்ட ஓர் அதிகாரி வேண்டும். அவர் பெயர் ஒவ்வொரு குப்பத்துப் படிப்பகத்திலும் எழுதி ஒட்டப்படவேண்டும். கேட்டின் அளவை, கேட்டால் ஆதாயமோ நட்டமோ அடையாதவர் அளந்து சொல்லவேண்டும். அந்த அவையில் மீனவரும், மீன் விற்கும் பெண்களும், இறால் தடவும் பெண்களும் உட்கார நாற்காலி வேண்டும். ஏனெனில், கடலின் நிறம் மாறியதை முதலில் காண்பவர்கள் அவர்கள்.

தலைவிதியை நம்பாதே என்று கேட்ட தலைமுறை நம்முடையது. இலாகா விதி என்று இன்று எவரேனும் கைவிரித்தால், அதையும் நம்பிக்கொண்டு வீடு திரும்பவேண்டாம். அந்த விதியை எழுதியது மனிதன் கை. அதைத் திருத்தி எழுதவும் மனிதன் கைக்கு முடியும். அடுத்த மழைக்காலத்துக்குள் எழுதட்டும்!