அந்தக் கன்றுக்குட்டி எங்கே போகும்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து குவீன்ஸ்டவுனில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கோப்பிக்கடையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். அமெரிக்காவில் ஆறு மாதம் படித்துவிட்டுத் திரும்பிய தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஏதோ ஒரு சிற்றூரின் வருடாந்தரச் சந்தை. பதின்மூன்று வயசுப் பொண்ணு ஒன்று, தன்னைவிடப் பத்து மடங்கு எடை இருக்கும் ஒரு கறுப்பு மாட்டைக் கயிறு பிடித்து நடத்தி வருகிறாள். மாட்டின் ரோமம் சீவி, சலூனுக்குப் போய் வந்தது மாதிரி பளபளக்கிறது. நடுவர் கை கொடுக்கிறார், கூட்டம் கை தட்டுகிறது. அடுத்த காட்சியில் அதே பொண்ணு தொழுவத்தில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

"ஜெயிச்சிடுச்சே, ஏன் அழுவுது?"

"கறிக்குப் போவுதுண்ணே. கன்னுக்குட்டியிலேர்ந்து இவதான் வளர்த்தா."

மேசையே ஒரு நிமிஷம் அமைதியானது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். "சே, என்ன மனுசங்க! புள்ள மாதிரி வளர்த்து வெட்டக் குடுக்கிறாங்களே." நானும்தான் சொன்னேன். என் முன்னால் தே தாரே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் முன்னால் ஆட்டுக்கால் சூப்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பொண்ணின் முகம் போகவில்லை. அதைவிட, எங்கள் கோபம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் உறுத்தியது. அதனால் விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் ஃபோர்-எச் என்று ஓர் இளைஞர் இயக்கம் உண்டு. தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் அந்த நாலு எச். 1902ல் ஒஹாயோவின் கிளார்க் வட்டாரத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் நடத்திய சிறுவர் சங்கத்தில் அதன் தொடக்கம். நம்மைப் போன்ற இளைஞர் அமைப்புதான். நாம் தேவாரம் படிக்கிறோம், அவர்கள் கன்று வளர்க்கிறார்கள். பால் மறந்த கன்றைப் பிள்ளை வாங்குகிறான் அல்லது வாங்குகிறாள். ஏறத்தாழ ஒரு வருஷம் தீவனம் வைத்து, கயிற்றுக்குப் பழக்கி, குளிப்பாட்டி, செலவுக் கணக்கு எழுதி வைக்கவேண்டும். காயடித்த அந்த இளங்காளை சந்தைக்கு வரும்போது ஐந்நூறு, அறுநூறு கிலோ இருக்கும். ஒரு போட்டியில் மாட்டின் உடம்பைப் பார்ப்பார்கள், இன்னொன்றில் பிள்ளை அதை எப்படிக் கையாளுகிறது என்று பார்ப்பார்கள். கடைசியில் ஏலம். உள்ளூர்க் கடைக்காரர்கள் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்கள், பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு உதவட்டும் என்று. பல சந்தைகளில் ஏலத்துக்கு வந்த மாடு வீடு திரும்பக் கூடாது என்றே விதி.

அந்த விதியை ஒரு பிள்ளை மீற நினைத்தால்? 2022ல் வட கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டச் சந்தையில் அதுதான் நடந்தது. ஒன்பது வயசுச் சிறுமி வளர்த்த சீடர் என்ற ஆடு 902 டாலருக்கு ஏலம் போனது. பிள்ளையால் பிரிய முடியவில்லை. அம்மா ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், நஷ்டத்தைத் தானே கட்டுவதாகவும் சொன்னார். சந்தைத் தரப்பு ஒப்பவில்லை. ஒருவருக்கு விதிவிலக்கு கொடுத்தால், விதியை மதிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களாம். காவலர்கள் பல நூறு மைல் காரோட்டிப் போய் ஆட்டைப் பிடித்து வந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. குடும்பம் வழக்குப் போட்டு, 2024ல் மூன்று லட்சம் டாலர் இழப்பீடு பெற்றது. ஒரு ஆட்டுக்கு!

இதைப் படித்ததும் என் பழைய கோபம் இன்னும் ஏறியது என்பது உண்மை. அன்பு என்பது உற்பத்தியில் ஒரு கட்டம், ஏலத்தோடு அது முடியவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தப்பு. நம்பி வந்து கையை நக்கும் உயிரை அதே கையால் ஒப்படைப்பதற்குத் துரோகம் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

ஆனால் இதையெல்லாம் என் பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நம்மூர்ல மட்டும் என்னவாம்?" என்றார்.

பாட்டி புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயசிருக்கும்போது வீட்டில் முனியசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தார்கள். அதை மேய்க்கிற வேலை பாட்டியுடையது. பேர் வைத்துக் கூப்பிடுவாராம், பள்ளிக்கூட வாசல் வரை பின்னாலேயே வருமாம். திருவிழா அன்று மாலை போட்டு, மஞ்சத்தண்ணி தெளித்து நிறுத்துவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். "அது சிலுப்பக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நின்னேன். தண்ணி ஊத்துனா எந்த ஆடுதான் சிலுப்பாது?" அன்றைக்கு பாட்டி சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அந்தத் தண்ணீர் தெளிக்கிற வழக்கத்தைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். வெறும் சடங்கு என்று தள்ளிவிடலாம். பாட்டி சொன்னது போல அது ஏமாற்று வேலை என்றும் சொல்லலாம். ஆனாலும் அந்தச் சனங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: ஓர் உயிரை எடுக்கும் முன் யாரிடமாவது உத்தரவு கேட்கவேண்டும், கேட்காமல் எடுத்தால் அது கொலை. பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்விதான். இருந்தாலும், கேள்வி என்று ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை. இங்கே நம் வட்டாரத்திலும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இருக்கிறது, 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கியது. அதே ஊர்க்காவல் தெய்வம் நம்மோடு கப்பலேறி வந்து, இன்று பாலும் பழமும் வாங்கிக்கொள்கிறது. ரத்தம் போய்ப் பால் வந்ததை முன்னேற்றம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாலைப் பற்றி யோசிக்கும் வரை.

லிட்டில் இந்தியாவில் நடக்கும்போது தெருப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். பஃபலோ ரோடு. கெர்பாவ் ரோடு, மலாயில் அதுவும் எருமைதான். நம்மில் பாதிப்பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரான கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். பெலிலியோஸ் ரோடு ஒரு பெரிய மாட்டு வியாபாரியின் பெயர். சிராங்கூன் ரோடு ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த இடம். நம் ஆட்கள் அங்கே மாடு மேய்த்தார்கள், பால் கறந்து வீடு வீடாக ஊற்றினார்கள். இன்று மிஞ்சியிருப்பது பெயர்களும், பொங்கல் சமயத்தில் லிம் சூ காங்கிலிருந்து கேம்பல் லேன் பக்கம் கொண்டுவரும் சில மாடுகளும்தான்.

சில வருஷத்துக்கு முன் பொங்கல் கூட்டத்தில் தொண்டூழியராக நின்றிருந்தேன். ஒரு குட்டிப் பையன் கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்துவிட்டு அம்மாவிடம் கேட்டான்: "அம்மா, இந்தக் கன்னுக்குட்டி பெரிசானா எங்க போகும்?" அந்த அம்மா, "வீட்டுக்குப் போகும் கண்ணு," என்றார். நாம் எல்லாரும் பிள்ளைகளிடம் சொல்கிற பதில் அதுதான்.

உண்மையில் எங்கே போகும்? அந்த ஒரு கன்றைப் பற்றி நான் கேட்கவில்லை. நாம் தினமும் குடிக்கும் பாலுக்குப் பின்னால் இருக்கும் கன்றுகளைக் கேட்கிறேன். கன்று போட்டால்தான் பசு பால் சுரக்கும். போடுகிற கன்றுகளில் பாதி ஆண். பால் தராத, ஏரும் வண்டியும் இல்லாத காலத்தில் ஆண் கன்றை யார் வைத்துத் தீவனம் போடுவார்கள்? நம் வீட்டுப் பால், பால்மாவு பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்தான் இருக்கும். நியூசிலாந்தில் பால் பண்ணைகளில் பிறக்கும் கன்றுகள் லட்சக்கணக்கில், பிறந்து சில நாட்களிலேயே வெட்டுக்கு அனுப்பப்படுகின்றன. இந்தியாவைப் பார்த்தாலும் நிம்மதி இல்லை. உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு அது, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்கும் நாடு. இரண்டும் தனித்தனிச் செய்தி இல்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது நாமும் இங்கே எத்தனை படங்களைப் பகிர்ந்தோம்! அப்போது அடிக்கடி கேட்ட வாதம் ஞாபகம் இருக்கிறதா? "ஜல்லிக்கட்டு நின்னா நாட்டுக் காளையை யாரும் வளர்க்க மாட்டாங்க, எல்லாம் அடிமாட்டுக்குப் போயிடும்." வாதம் சரிதான். ஆனால் அதற்குள்ளேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது: வாடிவாசலுக்குப் போகாத காளைக் கன்று எங்கே போகிறது என்று நமக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் காப்பி குடித்தோம்.

இங்கேதான் அந்த அமெரிக்கப் பொண்ணிடம் எனக்கு ஒரு கூச்சம் வருகிறது. அவள் துரோகம் செய்கிறாள் என்றால், நான் என்ன செய்கிறேன்? அவளுக்கு மாட்டின் பேர் தெரியும், அதன் கண்ணைப் பார்த்து அழுதாள். எனக்குப் பேர் தெரியாது, கண் தெரியாது, அழவும் தேவை வரவில்லை. பக்கத்தில் இருந்து செய்தால் பாவம், பல மணி நேரப் பயணத் தூரத்தில் யாரோ செய்தால் புண்ணியமா?

மகாபாரதத்தின் வன பருவத்தில் ஒரு கதை வரும், நம் வகுப்பிலும் படித்திருப்பீர்கள். தவத்தால் கர்வம் கொண்ட கௌசிகன் என்ற பிராமணன், தர்மம் கற்றுக்கொள்ள மிதிலைக்கு அனுப்பப்படுகிறான். போய்ப் பார்த்தால் குரு ஒரு கசாப்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் தர்மவியாதர். கௌசிகன் முகம் சுளிக்கிறான். வியாதர் தன் தொழிலை நல்லது என்று சொல்லவில்லை. பிறர் கொன்றதை விற்கிறேன், நான் கொல்வதில்லை, நான் உண்பதும் இல்லை என்கிறார். பிறகு ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் சாகும் உயிர்களைக் காட்டி, யார்தான் முழுக்கக் கொல்லாமல் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். இந்த இடத்தை நம்மில் பலர் சாக்காக எடுத்துக்கொள்கிறோம்: "எல்லாமே ஹிம்சைதான், அப்புறம் என்ன, சாப்பிடு." வியாதர் அந்த முடிவுக்குப் போகவில்லை. எல்லாரும் கறைபட்டவர்கள் என்று தெரிந்த அவரே கறி சாப்பிடுவதில்லை. முழுசாக முடியாது என்பதால் முடிந்ததை விட்டுவிடவும் இல்லை. வள்ளுவரும் புலால் மறுத்தலில் கடைக்காரனை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்று நம் பக்கம் விரலைத் திருப்புகிறார். தூரத்துக்கு அவர்கள் இருவரிடமும் தள்ளுபடி கிடையாது.

"அப்போ என்னண்ணே, பால் குடிக்கக் கூடாதா? அபிஷேகம் பண்ணக் கூடாதா?" அடுத்த வெள்ளிக்கிழமை இதையெல்லாம் சொன்னபோது தம்பி கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. நியாயமான கோபம். வெளியாள் ஒருவர் வந்து நம் கோயிலில் பாலைக் கொட்டாதே என்றால் எனக்கும் கோபம் வரும். காந்திஜி 1912ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். அவர் சொன்ன காரணங்களில், கல்கத்தாவில் பசுவைக் கடைசிச் சொட்டு வரை கறக்கச் செய்த கொடுமையும் ஒன்று. பிறகு கடும் நோயில், கஸ்தூரிபா எடுத்துச் சொல்ல, ஆட்டுப்பால் குடித்தார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று தன் சத்திய சோதனையில் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். அவ்வளவு பெரிய மனுசராலேயே முழுசாக முடியவில்லை. ஆனால் அவர் "வீட்டுக்குப் போகும் கண்ணு" என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, நான் என்ன செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆட்டிறைச்சியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. தே தாரே போய், தே-ஓ ஆகிவிட்டது. முதல் வாரம் வாய்க்கு நல்லாவே இல்லை. அம்மா போடும் தயிரை மறுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, சாப்பிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் பாட்டிக்காக எடுக்கும் பால்குடத்தை இந்த வருஷமும் எடுப்பேன். ஆனால் அண்டாவில் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றும்போது முன்பு மாதிரி கதை பேசிக்கொண்டே ஊற்ற முடியுமா என்று தெரியவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கைப்பேசியை எடுத்து அந்தக் காணொளியை மறுபடியும் போட்டார். இந்தத் தடவை யாரும் "சே" என்று சொல்லவில்லை. மாட்டுக்கு அந்தப் பொண்ணு என்ன பேர் வைத்திருந்தாள் என்று ஒருவர் கேட்டார். தம்பிக்கு ஞாபகம் இல்லை.