மாட்டேன் என்கிறான்

பேனா எழுத மாட்டேன் என்கிறது என்று சொல்லுகிறோம். கதவு திறக்க மாட்டேன் என்கிறது, அடுப்பு பற்ற மாட்டேன் என்கிறது. தமிழில் ஜடப் பொருளுக்குக்கூடப் பிடிவாதம் உண்டு. ஆனால் பேனாவை யாரும் வெயிலில் முட்டி போட வைப்பதில்லை. நிப்பைப் பார்க்கிறோம், மையைப் பார்க்கிறோம். ஒரு பையன் "எழுத மாட்டேன் என்கிறான்" என்றால் மட்டும் அந்த வழக்கம் நின்றுபோகிறது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவனைப் பார்த்தேன். பத்து வயதிருக்கும். வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சொன்னதை எழுதுவதில்லை, மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு, எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறான். "திமிர் ஸார், மலைப் பிள்ளைகளே இப்படித்தான்" என்றார் ஆசிரியர். ஒரு பிள்ளையின் குற்றத்துக்கு மலையையே சாட்சிக்கு இழுத்த அந்த நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. சாமைக் கொல்லையிலிருந்து வந்திருந்த தாயார் சொன்னாள்: "சத்தம் அவனுக்கு ஆகாதுங்க. மிக்ஸி போட்டாலே வெளியே ஓடிடுவான்." அதை அவளிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

மாட்டேன் என்பது வேறு, முடியவில்லை என்பது வேறு. தண்டனைக்கு நியாயம் உண்டென்றால் அது முன்னதற்குத்தான். செய்ய முடிந்தவனைத்தானே ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம்? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றாயிருப்பதுதான் சங்கடம். எழுத்தும் ஒலியும் மனத்தில் ஒட்டாதவனும் சரி, சோம்பேறியும் சரி, அதே வெற்றுத் தாளைத்தான் நீட்டுகிறார்கள்.

சட்டம் இதை அறியாததல்ல. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் பெறப் பரிசோதிக்கிறவர் வேண்டும். அவரிடம் போக மலையிறங்கும் பஸ் வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். திமிர் என்ற பெயருக்கோ செலவே இல்லை.

அதே மலையில் காவலூரில் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதற்கு முன்பே அதன் ஒளி சற்று மங்கியதை அங்கே கண்டார்கள். நட்சத்திரத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை. குறுக்கே வந்தது எது என்றுதான் கேட்டார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த வருஷத்தில்தான்.

மணிக்கு எட்டிய இடத்தில் உட்காரட்டும், பதிலை வாயால் சொல்லட்டும், பதினைந்து நாள் பாருங்கள் என்றேன். "மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களே?" என்றார் ஆசிரியர். நியாயமான கேள்விதான், இடிபட்ட பையனுக்கும் ஒரு தாயார் உண்டு. கேட்கட்டும் ஐயா, யார் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று அப்போதாவது தெரியுமே என்றேன்.