அலரும் அகமும்: தொழிலதிபர்களின் உடல்நலம் பற்றிய பொதுப்பேச்சு – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நோயுற்றார் ஒருவரின் நிலையை அறிய விரும்புதல் மாந்தர் இயல்பு. அவ்விருப்பம் அன்பின்பாற்பட்டதாக இருக்கலாம். ஆதாயம் கருதியதாக இருக்கலாம். வெறும் வேடிக்கை நாட்டமாகவும் இருக்கலாம். நோயுற்றவர் பெருந்தொழில் நிறுவனம் ஒன்றின் தலைவராயின் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, பிரித்தறிய இயலாத பொதுப்பேச்சாக உருக்கொள்கின்றன. அப்பேச்சு எவ்வளவில் அறத்திற்கு உடன்பாடானது என்னும் வினாவைத் தமிழ் அகமரபு சுட்டும் அம்பல், அலர் என்னும் கருத்தாக்கங்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று நிகழ்வுகள்

2024 அக்டோபர் 7ஆம் நாள், டாடா குழுமத்தின் மதிப்புறு தலைவர் ரத்தன் டாடா மும்பை மருத்துவமனையில் கவலைக்கிடமான நிலையில் சேர்க்கப்பட்டுள்ளார் என்னும் செய்தி பரவியது. அன்றே அவர் பெயரில் ஓர் அறிக்கை வெளிவந்தது. முதுமை சார்ந்த மருத்துவப் பரிசோதனைகளே நடைபெறுகின்றன, கவலைப்பட ஏதுமில்லை, தவறான செய்திகளைப் பரப்ப வேண்டா என்பது அதன் சாரம். அக்டோபர் 9ஆம் நாள் இரவு, தம் 86ஆம் அகவையில், அவர் காலமானார்.

2002 ஜூன் 24 அன்று பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு மும்பை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானி, ஜூலை 6 அன்று மறைந்தார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. 2004 நவம்பரில் அவர்தம் மைந்தர் இருவருக்கிடையேயான பூசல் வெளிப்பட்டது. 2005 ஜூனில் தாயார் முன்னிலையில் குழுமம் பங்கிடப்பட்டது.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கணையக் கட்டி கண்டறியப்பட்டது. 2004இல் அறுவை மருத்துவம் முடிந்த பின்னரே அச்செய்தி வெளியிடப்பட்டது. 2008 அக்டோபரில் அவருக்கு மாரடைப்பு என்று பரவிய பொய்ச்செய்தியால் நிறுவனப் பங்குகளின் விலை சிறிதுநேரம் சரிந்தது. 2009 ஜனவரி 5 அன்று, தம் உடல்மெலிவுக்குக் காரணம் சுரப்பு நீர்க் கோளாறே, அதற்குரிய மருத்துவம் எளியது என அவர் அறிவித்தார். ஒன்பது நாள் கழித்து, சிக்கல் எண்ணியதினும் பெரிது எனக்கூறி விடுப்பில் சென்றார். அவ்வாண்டு அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நிகழ்ந்தமை பின்னரே உலகிற்குத் தெரிந்தது.

அம்பலும் அலரும்

அகப்பொருள் உரையாசிரியர்கள் அம்பலை அரும்பு நிலையிலும், அலரை மலர்ந்த நிலையிலும் வைத்து விளக்குவர். சொல்லாக வெளிப்படாத குறிப்புப்பேச்சு அம்பல். இன்னாரிடை இன்னது நிகழ்ந்தது என விளங்கப் பேசுவது அலர். வேறுபாடு பேசுவோரின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை; பெயரைச் சுட்டுவதிலும் உள்ளது. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அகவாழ்வு யாருடையதாயினும் ஊரின் உடைமை ஆகாது என்னும் கருத்து இவ்விலக்கணத்துள் அடங்கியுள்ளது எனலாம்.

அலருக்கு மற்றொரு முகமும் உண்டு. களவொழுக்கத்தை நீட்டிக்கும் தலைவனை வரைவை நோக்கிச் செலுத்தும் ஆற்றல் அலருக்கு உண்டு. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரமும் அலரைக் காதலுக்கு ஆக்கம் தருவதாகவே பெரிதும் காட்டுகின்றது. எனவே ஊர்ப்பேச்சு முற்றிலும் தீது என்பது தமிழ்மரபின் முடிபன்று. மறைத்தலாகாத ஒன்றை மறைப்பவரை அது வெளிப்படச் செய்கின்றது. சிக்கல் எதுவெனின், எது மறைத்தற்குரியது, எது மறைத்தலாகாதது என்பதே.

உடலும் பதவியும்

உடல் அகம், பதவி புறம். தொழில் தலைவரின் நோய்ப்பெயர், மருந்து, வலி ஆகியன அகத்தைச் சார்ந்தவை. அவர் தம் பணியை ஆற்ற வல்லரா, ஆற்றாவிடின் பொறுப்பேற்பவர் யார் என்பன புறத்தைச் சார்ந்தவை. பங்கு முதலீட்டாளர்களும் ஊழியர்களும் கேட்கும் உரிமை உடையது இரண்டாவதையே. திருபாய் அம்பானியின் மறைவுக்குப்பின் நிகழ்ந்தவை இதனைத் தெளிவுறுத்தும். முதலீட்டாளர் அறிந்திருக்க வேண்டியது அவருக்கு நேர்ந்த நோயின் கூறுகளை அன்று. அவருக்குப்பின் யார் என்னும் ஏற்பாட்டையே. அவ்வேற்பாடு இன்மையே பின்னர்ப் பூசலுக்கு வழிவகுத்தது.

இந்தியச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவு ஏற்றுள்ளது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. மறுபுறம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான 'செபி' விதிகளில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாக இயக்குநரோ தலைமைச் செயல் அலுவலரோ எந்தவொரு 90 நாள் காலத்தில் 45 நாளுக்குமேல் பணியாற்ற இயலாதவராயின் அதனைக் காரணத்துடன் வெளியிடப் பணிக்கின்றது. விதியின் அளவுகோல் நோயன்று, பணியிலிருந்து விலகியிருக்கும் காலமே என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஆயினும் காரணத்தையும் கூறவேண்டும் என்னுமிடத்து அது அகத்தின் வாயிலைத் தொடுகின்றது. உடல்நலக் குறைவு என்னும் பொதுச்சொல்லோடு அக்காரணம் நின்றுவிடுதல் தகும்.

இவ்வளவுகோலால் நோக்கின் ஜாப்ஸ், டாடா ஆகியோரின் நிலைகள் வேறுபடுகின்றன. ஜாப்ஸ் 2009இல் பதவியிலிருந்த செயல் தலைவர். அவர் வாளா இருந்திருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கியபின் அப்பேச்சை நம்பிப் பிறர் பொருளை ஈடுபடுத்துவர் ஆதலின், சொல்லின் பொறுப்பு அவரைச் சார்ந்தது. டாடாவோ 2012இலேயே டாடா சன்ஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். 2016இல் சில திங்கள் இடைக்காலத் தலைவராக மட்டும் மீண்டவர். அறக்கட்டளைகளின் தலைமை அவரிடம் இருந்ததெனினும், நிறுவனங்களின் அன்றாட ஆட்சி அவரிடம் இல்லை. அவர் உடல்நிலையை உடனுக்குடன் அறியும் உரிமை முதலீட்டாளருக்கு இருந்ததாகக் கூறல் அரிது.

மெய்யாகிவிட்ட வதந்தி

இங்கு ஒரு தடை எழலாம். டாடா குறித்த செய்தி இரு நாளில் மெய்யாயிற்றே, அதனைப் பரப்பியோர் குற்றமற்றவர் அல்லரோ என்பது அத்தடை. ஒரு கூற்று பின்னர் மெய்யாதல் வேறு. அதனைக் கூறுதற்கு அப்போது தகுதி இருத்தல் வேறு. 86 அகவையினர் ஒருவர் விரைவில் இறப்பார் என எவர் கூறினும் என்றேனும் அது மெய்யாகும். அதனால் கூறியவர் வாய்மையாளர் ஆகார். சான்றின்றிக் கூறியது மெய்யாயினும் அது குருட்டுப் பேறே.

வள்ளுவர் புறங்கூறாமையை அடுத்துப் பயனில சொல்லாமையை வைத்த முறைவைப்பும் கருதத்தக்கது. பொய்யாகப் பழித்தல் மட்டுமன்றி, பயனின்றிப் பேசுதலும் குற்றமே என்பது அவர் கொள்கை. மேலும் வாய்மை அதிகாரத்தில் அவர் சொல்லை அது விளைக்கும் தீங்கு, நன்மை ஆகியவற்றைக் கொண்டே அளக்கின்றார். அவ்வகையில், இறுதி நாள்களில் முன்பின் அறியாதாரிடம் தம் வலியை விரித்துரையாமல் அமைதி கூறும் நோயாளியின் சொல்லும், ஆதாயம் கருதி அவர் சாவை முன்கூட்டி அறிவிப்பவரின் சொல்லும் ஒரே தராசில் நிறுக்கப்படுதல் முறையன்று.

எல்லையோர வழக்கு

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியிலுள்ள குன்னத்துகால் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒன்றாகப் புழங்குகின்றன. இருமொழிக்கும் பொதுவான 'சுகமில்லை' என்னும் தொடர் தடுமனுக்கும் பொருந்தும்; தீராப்பிணிக்கும் பொருந்தும். நோயின் பெயரை மறைத்து நோயுற்ற நிலையை மட்டும் அறிவிக்கும் அச்சொல், கேட்பவர் மேலும் துருவாதிருக்க விடுக்கும் வேண்டுகோளும் ஆகும். சிற்றூரிலும் அலர் உண்டு. ஆயின் பேசுவோர் மறுநாள் அவ்வீட்டு வாயிலில் நலம் கேட்டு நிற்க வேண்டியவர்; தம் சொல்லுக்கு முகம் கொடுக்க வேண்டியவர். பெருநகரத் தொழிலதிபரைப் பற்றிப் பேசுவோருக்கு அக்கடப்பாடு இல்லை. பேசுவோர்க்கும் பேசப்படுவோர்க்கும் இடைப்பட்ட இத்தொலைவே இக்கால அலரைச் சங்க கால அலரினும் கொடியதாக்குகின்றது.

முடிவுரை

பொதுவாழ்வினரின் உடல்நலம் பற்றிய பேச்சு முற்றிலும் விலக்கத்தக்கது அன்று. பதவியின் கடமை தடைப்படுமிடத்துக் கேள்வி கேட்டல் உரிமை. நிறுவனம் அதற்கு உரிய காலத்தில் விடை கூறல் கடமை. நிறுவனங்கள் பொறுப்பு மாற்ற ஏற்பாடுகளை முன்னரே வெளிப்படையாக வைத்திருப்பின் ஊகத்திற்கான தேவை பெரிதும் குறையும். அதனைக் கடந்து நோயாளியின் உடலுக்குள் நுழையும் சொல், பொய்யாயினும் மெய்யாயினும், உரிமையற்ற சொல்லே. தலைமக்களின் பெயரை மறைத்தே அவர்தம் அகத்தைப் பாடிய மரபினர்க்கு, பெயர் அறிந்தவிடத்தும் அகத்தைத் துருவாதிருத்தல் இயலாத அறமன்று.